நடுத்தண்ணீரில் நின்ற இன்ஜின்

அந்தத் தண்ணீரைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர்களில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் முட்டி வலி இருக்கும், பிரஷர் மாத்திரை இருக்கும், அதைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று வீட்டில் ஒரு தகராறும் இருக்கும். அதனால் சுருக்கமாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் இந்த வயதில் எனக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வருவதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் படகு ஞாபகம் இருக்கிறதா? மஸ்கெலியாப் பக்கம் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசை அக்கரையில் மாட்டிக்கொண்டது. ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்து முடிந்துவிடும். கொழுந்தெடுக்கிற பெண்களுக்கும் தூரத்து மலைக்குப் போக வேறு வழியில்லை. தோட்டத்துத் துரை எங்கிருந்தோ ஒரு மரப் படகையும், அதன் பின்னால் மாட்டுகிற ஒரு பழைய இன்ஜினையும் கொண்டுவந்து இறக்கினார். இன்ஜின் தன் தலைமேலேயே பெட்ரோல் டேங்கைச் சுமந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் என் மாமா. அம்மாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி.

தாய் தகப்பன் போன பிறகு மாமாவை வளர்த்தது அம்மாதான். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். அக்கா தம்பி இரண்டு பேரும் வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒரு வேளை ஒருத்தர் இல்லாவிட்டால் இன்னொருத்தருக்குச் சோறு இறங்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. மாமாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு நாட்டை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு அதிசயமே இல்லை, ஒவ்வொரு லயத்திலும் நடந்ததுதான். பாஸ்போர்ட் வந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமாவை மட்டும் ஆபீஸில் இருந்த பெரிய கிளாக்கர் ஐயா நிறுத்தி வைத்திருந்தார். “படகோட்ட வேற ஆள் இல்லை, கொஞ்சம் பொறுங்கோ” என்று அவர் மேலே சொல்லிச் சொல்லி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அதாவது, படகு கையில் இருக்கும்வரை மாமா எங்களோடு இருப்பார். படகு போனால் மாமாவும் போக வேண்டியதுதான். இதைச் சின்னப் பிள்ளையான எனக்கே தெரிகிற அளவுக்கு அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அந்த இன்ஜினை அம்மா ஒரு சாமி மாதிரிப் பார்த்தாள்.

மாமாவுக்கு இன்ஜின் வேலை பிறவி ஞானம் ஒன்றும் இல்லை. நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள பாஸ் வந்து சில நாள் தங்கிப் பழக்கிவிட்டுப் போனார். பாஸ் என்றால் மெக்கானிக். பெட்ரோலை அப்படியே ஊற்றக் கூடாது, அதில் இன்ஜின் எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தால் இன்ஜின் உள்ளே இறுகிப் போகும். கூடினால் புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். மாமா ஒரு சாராயப் போத்தலில் கோடு கீறி வைத்துக்கொண்டு எண்ணெயை அளந்து, பெட்ரோல் கேனில் ஊற்றி, கேனை மடியில் வைத்து ஆட்டுவார். “என்னடா, தூங்க வைக்கிறியா?” என்று அம்மா கேலி பண்ணுவாள். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். இப்போது கூட, ரோட்டோரத்தில் புல் வெட்டுகிற மெஷின் போனால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன். மருமகள் என்ன நினைக்கிறாளோ.

தண்ணீருக்கு அடியில் பழைய தேயிலை மலை அப்படியே கிடந்தது. கரையோரமாகப் போனால் தேயிலைக் கட்டை அடிபடும். அப்போது இன்ஜின் காற்றாடிக்குள் இருக்கிற சின்னப் பித்தளைப் பின் உடைந்துகொடுக்கும். பின் உடைந்தால் இன்ஜின் தப்பித்தது. மாமா ஒரு தைல டப்பா நிறைய அந்தப் பின்களைப் போட்டு வைத்திருப்பார், நடக்கும்போது சட்டைப் பையில் கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். நங்கூரம் ஸ்டோரில் கிடந்த கம்பியை நாலு பக்கமும் வளைத்துச் செய்தது. கரைப் பக்கத்தில் படகை நிறுத்த அது போதும். அதன் கயிறு நீளம் காணாது என்று மாமா ஆபீஸில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். வரும் வரும் என்றார்கள். நம் தோட்டத்தில் கேட்டது எது உடனே வந்திருக்கிறது?

ஆயுத பூசை வந்தது. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, அவல் கடலை கொடுத்தார்கள். அம்மா கேட்டாள்: “ஏன், நம்ம இஞ்சினு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

அவளே ஒரு கிண்ணத்தில் சந்தனம் அரைத்து எடுத்துக்கொண்டு படகுத் துறைக்கு வந்தாள். மழைக்குக் கரையக் கூடாது என்று அதில் விளக்கெண்ணெய் விட்டுக் கெட்டியாகக் குழைத்திருந்தாள். அந்தச் சந்தனத்தை வேறு யாரும் அப்படிக் குழைக்க மாட்டார்கள். டேங்கின் மூடி வட்டமாக, ஒரு குழந்தையின் நெற்றி அளவுக்கு இருக்கும். நட்ட நடுவில் கடுகு அளவில் ஒரு ஓட்டை. அதில் ஒரு காலத்தில் ஏதோ திருகாணி இருந்திருக்க வேண்டும், எங்களிடம் வரும்போதே இல்லை. பொட்டு வைக்க இடம் காட்டி வைத்தது போல இருந்தது. அம்மா மோதிர விரலால் அந்த இடத்தில் சந்தனத்தை அழுத்தி அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள்.

“எங்க தம்பிய எங்கிட்டயே விட்டு வையி” என்று இன்ஜினைப் பார்த்துக் கும்பிட்டாள். மாமா சிரித்தார். “அக்கா, அது சாமி இல்ல, ஜப்பான்காரன் செஞ்சது.”

“யாரு செஞ்சா என்ன, ஒனக்குச் சோறு போடுதுல்ல? வாய மூடுடா.”

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாது. காலையில் விளக்கு வைத்த கையோடு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு துறைக்கு வந்துவிடுவாள். பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம். மூடியின் நடுவில் ஒரு சின்ன மேடே எழும்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இன்ஜின் நிற்க ஆரம்பித்தது. புறப்படும்போது நன்றாகத்தான் ஓடும். நடுத்தண்ணீருக்குப் போனதும் இருமும், திணறும், நின்றுவிடும். மாமா மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்கும். மூடியைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் போனதும் பழையபடி. கொழுந்துப் பெண்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு பெரட்டுக்கு நேரமாகி, ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், போடுவேன் என்று கங்காணி கத்தத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அந்த நாளை உங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. மத்தியானத்திலிருந்தே மழை. அணையில் வான்கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள், அதன் இரைச்சல் பள்ளிக்கூடத்துக்கே கேட்டது. மாமா தூரத்து மலையிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, வழியில் எங்களையும் ஏற்றிக்கொண்டார். அம்மா இருந்தாள். பக்கத்துக் காம்பரா அக்காவும் இருந்தாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள், கல்யாணமாகி நெடுநாள் கழித்துத் தங்கிய பிள்ளை. அம்மா அவளைத் தன் மழைப் படங்குக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடுத்தண்ணீரில் இன்ஜின் நின்றது. மாமா திறந்து பார்த்தார், போட்டார், இழுத்தார். மழைத் தண்ணீர் பிளக்கில் இறங்கிவிட்டதோ என்னவோ, இந்த முறை பிடிக்கவே இல்லை. காற்று எங்களை அணைப் பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. படகு போகிற திசையைப் பார்த்து ஒரு பெண் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.

மாமா நங்கூரத்தைப் போட்டார். கயிறு முழுவதும் போய் விறைத்து நின்றது. ஆனால் படகு நிற்கவில்லை. கொக்கி அடியில் பட்டும் படாமலும் இழுபட்டுக்கொண்டு வந்தது.

“கயிறு பத்தல!” என்று மாமா கத்தினார். “செங்குத்தா நின்னா கொக்கி புடிக்காது. தரையில படுத்து இழுக்கணும். இன்னும் கயிறு வேணும்!”

எங்கே போவது கயிற்றுக்கு? அம்மாதான் முதலில் தன் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, தலையில் மாட்டுகிற கயிற்றை அவிழ்த்தாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. ஒப்பாரி வைத்தவள் கூட அழுதுகொண்டே தன் கூடையை அவிழ்த்தாள். வருஷக்கணக்காக அவர்கள் உச்சந்தலையில் அழுந்தி, எண்ணெயும் வேர்வையும் ஏறிப் பளபளத்த கயிறுகள். இரண்டிரண்டாக முறுக்கி, முடிச்சுப் போட்டு, மாமாவின் கையில் கொடுத்தார்கள். நானும் என் பங்குக்கு ஒரு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமா நங்கூரக் கயிற்றோடு அதைச் சேர்த்து மெல்ல மெல்ல விட்டார். கடைசிக் கயிறும் தண்ணீருக்குள் போன பிறகு படகு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. அடியில் ஏதோ தேயிலைக் கட்டையில் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். செத்துப்போன மலை எங்களைப் பிடித்துக்கொண்டது என்று பிறகு அம்மா சொல்வாள்.

மழை ஓயும்வரை அங்கேயே கிடந்தோம். மாமா பிளக்கைக் கழற்றி அம்மாவின் முந்தானையின் உள் மடிப்பில் துடைத்து, டேங்கை மறுபடியும் திறந்து பார்த்து மூடி, இழுத்தார். பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்துவிட்டோம். எல்லோரும் உயிரோடுதான் வந்தோம். ஆனால் பக்கத்துக் காம்பரா அக்கா அன்று சாயங்காலமே காய்ச்சலில் விழுந்தாள். தீபாவளிக்குள் பிள்ளை கலைந்துவிட்டது.

அவளுடைய புருஷன் லயத்து வாசலில் நின்று சொன்னதை நான் கேட்டேன். “இது யாரு செஞ்ச வேலைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவங்கள சும்மா விட மாட்டேன்.” அவர் நல்ல மனிதர். அந்த நேரத்தில் அப்படித்தான் பேசுவார்கள்.

நீர்கொழும்பு பாஸை மறுபடியும் வரவழைத்தார்கள். அவர் துறையில் உட்கார்ந்து இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, துடைத்து, மாட்டினார். டேங்கின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். அருமையாக ஓடியது. மூக்கை டேங்குக்குள் விட்டு முகர்ந்தார். “பெற்றல் ஹொந்த நே” என்றார். பெட்ரோல் சரியில்லை என்று அர்த்தம். அவருக்கு மாமா மேல் எந்தக் கோபமும் கிடையாது. இன்ஜினில் பிழை இல்லை, அப்படியானால் பெட்ரோலில்தான் பிழை. தெரிந்ததைச் சொன்னார்.

அது போதுமாக இருந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடான காலம். மாமா நல்ல பெட்ரோலை டவுனில் வேன்காரனுக்கு விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றுகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்ட பேச்சை யாரும் கிளப்புவதில்லை, அதுவாகவே கிளம்புகிறது.

பாஸ் போன மறுநாள் காலையில் நான் எல்லோருக்கும் முன்னால் துறைக்குப் போய்விட்டேன். மாமா படகில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் டேங்கின் மூடி. அதைக் கவிழ்த்து வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினார். காற்று போகவில்லை. மறுபடியும் ஊதினார். பிறகு என்னைப் பார்த்தார். என் யூனிபோர்மில் பொத்தான் போன இடத்தில் அம்மா ஒரு ஊக்கு குத்தியிருந்தாள்.

“பாப்பா, அந்த ஊக்கக் குடு.”

“சட்டை தொறந்துக்கும் மாமா.”

“குடும்மா. அப்பறம் தாறேன்.”

வாங்கி, அதன் முனையை மூடியின் நடுவில் விட்டுக் குடைந்தார். மஞ்சள் தூள் அவர் உள்ளங்கையில் கொட்டியது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு கையைத் தண்ணீரில் விட்டு அலம்பிவிட்டு, ஊக்கைத் தன் சட்டையில் குத்திக்கொண்டார். நான் அன்று முழுவதும் சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் எனக்குக் கோபமான கோபம்.

அன்று சாயங்காலம் பெரிய கிளாக்கர் ஐயா மாமாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அம்மாவும் போனாள், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அதட்டிப் பேசத் தெரியாதவர்.

“தம்பி, உண்மையைச் சொல்லும். என்ன கலந்தனீர்? நான் உம்மைக் காட்டிக் குடுக்க மாட்டன். ஏன் நிக்குது எண்ட காரணத்தை மட்டும் சொல்லும், நான் எழுதிச் சமாளிக்கிறன்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். வாசலில் பக்கத்துக் காம்பராக்காரர் நின்றுகொண்டிருந்தார். மாமா அவரையும் பார்த்தார்.

“தெரியலைங்க ஐயா” என்றார்.

“அப்பிடியெண்டால் இனிப் பெற்றோல் என்ர அறையிலதான் இருக்கும். எண்ணெயும் நானே அளந்து கலந்து தாறன். பாப்பம்.”

அன்றிலிருந்து ஐயாவே கலந்து கொடுத்தார். அன்றிலிருந்து இன்ஜின் ஒரு தடவை கூட நிற்கவில்லை.

இதைவிடச் சாட்சி யாருக்கு வேண்டும்? பெட்ரோலைப் பூட்டி வைத்ததும் இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறது என்றால், பூட்டாதபோது என்ன நடந்திருக்கும்? லயம் முழுக்க ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. கிளாக்கர் ஐயா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இனி அவராலும் மாமாவுக்காக எழுத முடியாது. பக்கத்துக் காம்பராக்காரர் எங்கள் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார். அம்மா துப்பியதைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள்.

“ஏன்டா, எங்கிட்ட கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?” அவ்வளவுதான் கேட்டாள்.

“விடுக்கா” என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார்.

படகை வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். மார்கழி பஜனை நடந்துகொண்டிருந்தபோது இந்தியாவுக்குப் புறப்படச் சொல்லி மாமாவுக்குக் கடிதம் வந்துவிட்டது, தைப் பொங்கலுக்குப் பொறுக்கவில்லை. ஹட்டன் ஸ்டேஷனுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அந்த ரயிலுக்கு நாம் வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும், ஒப்பாரிக் கோச்சி. பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுகை. அம்மா மட்டும் அழவில்லை. செய்துவிட்டான் என்கிற கோபம் அவளுடைய அழுகையை அடைத்துக்கொண்டிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். மாமா தன் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி என் கவுனில் குத்தினார்.

“ஒன்னோடது. பத்திரமா வச்சுக்க.”

நான் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. ஊக்கை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? தைல டப்பாவையும் அவர் துறையிலேயே விட்டுவிட்டுப் போனார், அதுவும் எங்கோ போய்விட்டது. மாமா கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே வேலைக்குப் போனார். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். ஒரு வருஷம் கடிதத்துக்குப் பதில் அவர் மகனுடைய கடிதம் வந்தது. அம்மா அப்போதுதான் அழுதாள். தலையில் அடித்துக்கொண்டு, “நான் எப்பவோ மன்னிச்சிட்டேனே, அத அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்று அழுதாள்.

இவ்வளவும் பழைய கதை. உங்களுக்கும் பாதி தெரிந்ததுதான். தெரியாத பாதியை இனிச் சொல்கிறேன்.

போன மாதம் பக்கத்துக் காம்பரா அக்கா காலமாகிவிட்டாள். அந்தப் பிள்ளைக்குப் பிறகு அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்தி எடுத்து, நன்றாக வாழ்ந்துவிட்டுத்தான் போனாள். அம்மா என்னோடு ஹட்டனுக்கு வரும்வரை, ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் ஒரு ஆயுளை ஓட்டியிருந்தார்கள். குழம்பு மாற்றிக்கொள்வார்கள், தலைவலித் தைலம் மாற்றிக்கொள்வார்கள், பிரசவத்துக்கு ஒருத்திக்கு ஒருத்தி பக்கத்தில் இருந்தார்கள். அம்மாவால் இப்போது நடக்க முடியாது. கருமாதிக்கு நான்தான் போனேன்.

ஆயுத பூசை முடிந்த மறுநாள். இப்போது மரப் படகு இல்லை, பைபர் படகு. இன்ஜின் மட்டும் யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தது, அதே போலத் தலையில் டேங்கோடு. ஓட்டுகிறவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டே வந்தார். நடுத்தண்ணீரில் இன்ஜின் இருமியது. திணறியது. நின்றது.

எத்தனை வருஷமானாலும் அந்தச் சத்தம் மறப்பதில்லை.

அவர் பதறவில்லை. மூடியைப் பார்த்தார். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், ஒரு செவ்வந்தி இதழ்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. “எங்க வீட்டம்மா வேலை” என்று சிரித்தார். சந்தனத்தைக் கட்டை விரலால் வழித்துவிட்டு, சாவிக் கொத்தில் தொங்கிய ஊக்கை எடுத்து ஓட்டையில் விட்டுக் குடைந்தார்.

“என்னங்க அது?” என்று கேட்டேன்.

“காத்துப் போற ஓட்டைங்கம்மா. பெட்ரோலு கீழ எறங்கணும்னா மேல காத்து உள்ள போகணும்ல? இத அடச்சா கொஞ்ச தூரம் ஓடும், அப்பறம் நின்னுடும். மூடியத் தொறந்தா காத்துப் போயிரும், மறுபடி ஓடும். சின்ன விசயம்.”

கயிற்றை இழுத்தார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்துவிட்டார்.

சின்ன விஷயம். அக்கரை வரும்வரை நான் எதையும் பார்க்கவில்லை. என் மாமா எதையும் விற்கவில்லை, எதையும் கலக்கவில்லை. அந்தக் காலையில், கையில் கொட்டிய தூளில் விளக்கெண்ணெய் வாசம் வந்தபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படகு தப்பித்திருக்கும், அவரும் தப்பித்திருப்பார். ஆனால் அந்தப் பிள்ளையை யார் கொன்றது என்று தெரிந்தாக வேண்டும் என்று ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அந்தக் குடும்பத்தோடு ஒரே சுவரில் சாய்ந்து இன்னும் எத்தனையோ காலம் வாழ வேண்டியிருந்தது. மாமா தன்னைக் கொடுத்துவிட்டுத் தன் அக்காவை விட்டுவைத்துவிட்டுப் போய்விட்டார்.

கருமாதி வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. லயத்துச் சாப்பாடு பழக்கம் விட்டுப் போச்சு போல என்றார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நாலைந்து நாள் அல்லாடினேன். எண்பத்தைந்து வயது. சொன்னால் தம்பி திருடனில்லை என்று தெரியும். சொன்னால் அந்தப் படகை நிறுத்தியது யார் என்றும் தெரியும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க வழி இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு பாரத்தைத் தூக்கிக் கையில் கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா இன்னும் விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சந்தனம் குழைத்து, பிரிஜ்ஜுக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று என்று வைப்பாள். என் மகன் கடைக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி முன்னறையில் வைத்திருந்தான். கரண்ட் போனால் கடைக்கு வேண்டும். அம்மா நாற்காலியை அதன் பக்கமாக நகர்த்தச் சொன்னாள். சந்தனம் தோய்ந்த விரலை டேங்கின் மூடிக்குக் கொண்டுபோனாள். நட்ட நடுவில் ஒரு சின்ன ஓட்டை.

நான் என்னை அறியாமலே அவள் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்து, விரலை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

“இந்தப் பக்கமா வையும்மா.”

அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒங்க மாமாவும் இப்பிடித்தான்” என்றாள். “கடைசியா அந்தப் படகுக்கு வச்சப்ப, கையப் புடிச்சு ஓரமா நவத்துனான்.”

அவள் விரல் இன்னும் மூடியின் மேல் அந்தரத்தில் இருந்தது.

“அந்த ஓட்டை எதுக்குடி?”

முன்னறையில் வேறு யாரும் இல்லை.

“சும்மாதாம்மா. அழகுக்கு வச்சிருக்காங்க.”

அம்மா ஓரத்தில் சந்தனத்தை வைத்தாள். மெல்ல அழுத்தினாள்.

“அவனும் அதத்தான் சொன்னான்” என்றாள்.